ஐந்தாவது கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருகிற மகனுக்கு வார நடுவில் அப்பாவிடமிருந்து தபால் வந்தால், உறையைக் கிழிப்பதற்குள் அவன் என்னென்னவோ நினைத்துவிடுவான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது; பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் ஏழு பேர்தான் பாக்கி. எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனாலும் நான் பயந்துபோய் இருக்கிறேன். அதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். இது மூன்றாவது படி. முதல் படியில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினேன். படித்துப் பார்த்தபோது அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. இரண்டாவதில் பயத்தை மறைத்து எழுதினேன். அது வேறு யாரோ எழுதியது போல் இருந்தது. இதைத் திரும்பப் படிக்காமல் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நீ சுவா சூ காங்கில் உள்ள உன் அறைக்குப் புறப்பட்டபோது, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய். உனக்கு அது சின்ன விஷயம். "அப்பா, உங்க கச்சேரி நோட்டு இருக்குல்ல, அதக் கொஞ்சம் குடுங்களேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றாய். "எதுக்குப்பா?" என்றேன். "மாமா கேப்பாரு இல்ல, கச்சேரி எப்படின்னு? நானும் ரெண்டு வார்த்த சரியா சொல்லணும்ல?" என்று சிரித்தாய். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது பொய். நோட்டு எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில், மூன்றாம் தட்டில், அகராதிக்குப் பக்கத்தில் இருந்தது. அது எந்த நேரமும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ படியிறங்கிப் போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

நிச்சயதார்த்தத்தன்று உன் வருங்கால மாமனார் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு சங்கீதத்துல ஈடுபாடு உண்டா?" நீ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அப்பாகிட்டேருந்து வந்தது, மாமா" என்றாய். அவர் மகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கேயே இந்த வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு இரண்டு குடும்பத்தையும் அழைத்தார். அன்று நான் புன்னகை செய்தபடி நின்றேன். உன் பேஸ் கிட்டார் அலமாரிக்குப் பின்னாலிருந்து காணாமல் போயிருப்பதை அடுத்த வாரம்தான் கவனித்தேன். உன் நண்பன் லிம் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாய், அவன் வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாசிர் பாஞ்சாங்கில் நீங்கள் நான்கு பேரும் கூடி வாசிப்பீர்கள் அல்லவா, அதுவும் நின்றுவிட்டதாம். யாரும் உன்னை நிறுத்தச் சொல்லவில்லை. சம்பந்திக்கு நீ கிட்டார் வாசிப்பது தெரியவே தெரியாது. ஒருவரும் கேட்காமலே நீயாகவே ஒளித்துவிட்டாய். இதை எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

அந்த நோட்டு உண்மையில் என்ன என்று உனக்குத் தெரியாது. அது ஒரு ரசிகனின் குறிப்புகள் என்று நினைத்திருக்கிறாய். நான் துறைமுக அலுவலகத்தில் எழுத்து வேலைக்குக் கிராணியாகச் சேர்ந்த புதிதில் அதை ஆரம்பித்தேன். எங்கள் பெரிய கிராணி சங்கீதத்தில் கரை கண்டவர். ஊரிலிருந்து கப்பலில் எந்தப் பாடகர் வந்து கோயில் மண்டபத்தில் பாடினாலும் முன் வரிசையில் அவர் இருப்பார். மறுநாள் காலை பத்து மணிக்குத் தேநீர் வரும்போது அவர் மேசையைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர் நிற்போம். கச்சேரியைப் பற்றித்தான் பேச்சு. நான் கல்லூரிவரை படித்தவன், தமிழும் ஆங்கிலமும் நன்றாக எழுதுவேன்; ஆனால் அந்த மேசையருகே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அவர் என் பக்கம் திரும்பினார். "என்னய்யா, நேத்து நீங்களும் இருந்தீங்களே. அந்தக் காம்போதி எப்படி?" என்றார். "பிரமாதம் சார். அப்படியே உருக்கிட்டாரு" என்றேன். அவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "உருக்கிட்டாராம்ல. மனுஷன் நேத்து காம்போதியத் தொடவே இல்ல." ஒருவன் சிரித்த சிரிப்பில் கோப்பின் மேல் தேநீர் சிந்தியது. "விடுங்க சார், கனவுல கேட்டிருப்பாரு" என்றான் இன்னொருவன்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போது நான் செய்யக்கூடியது இரண்டு இருந்தது. 'எனக்குத் தெரியாது சார்' என்று மறுநாள் சொல்லியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் நின்று ஒரு தடித்த நோட்டு வாங்கினேன். என் தவறு போதிய ஏற்பாடு இல்லாததுதான் என்று முடிவு செய்தேன். அடிக்கோலை வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம் போட்டேன். நாள், பாடியவர், பாடிய உருப்படிகள், பெரியவர்கள் சொன்ன கருத்து, என் கருத்து. மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ராகத்தின் பெயரை மெதுவாகக் கேட்டுக் குறிப்பேன். நான்காவது கட்டத்துக்காகக் கச்சேரி முடிந்ததும் மண்டபத்து வாசலில் செருப்புத் தேடுவது போல் குனிந்து நிற்பேன். பெரியவர்கள் செருப்பு மாட்டும்போதுதான் மனம் விட்டுப் பேசுவார்கள். உட்காருவதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்தேன். பெரிய கிராணியின் பின்னால், சற்று இடது பக்கம். அங்கிருந்து பார்த்தால் அவர் தலையும் தொடையில் தட்டும் கையும் தெரியும். அவர் தலை ஆடினால் என் தலை ஆடும். இப்படிப் பல வருஷம். நல்ல ரசிகன் என்று எனக்குப் பெயர் வந்தது. கல்யாண வீடுகளில் நாதஸ்வரக் கோஷ்டியை ஏற்பாடு செய்ய என்னிடம் யோசனை கேட்டார்கள். நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

ஐந்தாவது கட்டம், 'என் கருத்து' என்பது, காலியாகவே இருக்கிறது. ஒரே ஒரு முறை எழுதினேன். வயதான ஒரு புல்லாங்குழல்காரர் வந்திருந்தார். மழை நாள், கூட்டம் குறைவு, பெரிய கிராணி தாமதமாக வந்தார். அவர் வருவதற்கு முன் அந்த மனிதர் ஒன்று வாசித்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தபோது செத்துப்போன என் கூடப்பிறந்த தம்பியின் ஞாபகம் வந்தது, காரணம் தெரியாது. வீட்டுக்கு வந்து ஐந்தாவது கட்டத்தில் 'மிக நன்று' என்று பென்சிலால் எழுதினேன். மறுநாள் மேசையருகே பெரிய கிராணி, "ஊத மூச்சே இல்லாதவரை எதுக்கு கப்பலேத்தினாங்க?" என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். நானும் ஆமோதித்தேன். அன்றிரவே அழிப்பானை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் அழித்தேன். தம்பி, அந்த வாசிப்பு எனக்குப் பிடித்ததா இல்லையா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிடித்திருந்தது என்று எழுதினேன் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. சத்தம் ஞாபகம் இல்லை.

ஆனால் சத்தம் ஞாபகம் இருக்கிற ஒன்று உண்டு. அதுதான் உன்னோடு சம்பந்தப்பட்டது. என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்த ஹாஷிமின் தங்கைக்குக் கேலாங் சிராயில் கல்யாணம். போயிருந்தேன். வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு, ஒரு ஓரத்தில் மலாய்க்காரர்களின் குரோஞ்சோங் பாட்டுக் கோஷ்டி உட்கார்ந்திருந்தது. சின்ன கிட்டார் போன்ற ஒரு வாத்தியம் விடாமல் கலகலவென்று தட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒரு வயலின் சோம்பேறித்தனமாக அலையும். ஒரு பெண், வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தவள் மாதிரி அவசரமே இல்லாமல் பாடுவாள். நான் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றேன். யார் தலையையும் பார்க்கவில்லை. அது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஹாஷிமிடம் மெதுவாகச் சொன்னேன், இந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது என்று. அவன் மலாயில் சொன்னதை, பேச்சுக்குப் பேச்சு போடும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டு, தமிழில் எழுதுகிறேன்: "இதா? இது எங்கம்மா கேக்குற பாட்டு லா. எனக்கு ஆகாது. எனக்கு இங்கிலீஷ் டான்ஸ் பாட்டுத்தான்." அதைத் தன் அம்மாவின் காதில் விழும்படியே சொன்னான். அந்த அம்மாவும், "இவனுக்குக் காது கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். ஒருவர் ரசனை இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் அங்கே ஒன்றும் இடிந்து விழவில்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது. ஆனால் அதை எனக்குப் பாடமாக எடுத்துக்கொள்ளும் துணிச்சல் வரவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மாலைகளில் ஜாலான் புசார் பக்கம் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு கேளிக்கைப் பூங்கா உண்டு. சுவருக்கு உள்ளே மேடையில் குரோஞ்சோங் வாசிப்பார்கள். சுவருக்கு வெளியே ஒரு பேருந்து நிறுத்தம். நான் அந்த நிறுத்தத்தில், கையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேருந்துகள் வரும், போகும். நான் ஏறமாட்டேன். நுழைவுச் சீட்டு பெரிய தொகை இல்லை. ஹாஷிம்கூட, "உள்ள வந்து நாற்காலில உக்காந்து கேளு லா, யாரு உன்னப் பாக்கப் போறா?" என்பான். உள்ளே போனால் நான் அதைக் கேட்கத்தான் வந்தேன் என்று ஆகிவிடும். வெளியே நின்றால் பேருந்துக்காக நிற்கிறேன். இந்த வித்தியாசத்துக்காக எத்தனையோ சனிக்கிழமை கால் கடுக்க நின்றிருக்கிறேன்.

உனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை உன்னையும் அழைத்துப் போனேன். உனக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழி. ஐந்து நிமிஷம் நிற்கலாம் என்று நினைத்தேன். நீ நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து, சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளத்துக்குச் சரியாகப் பெட்டியின் மேல் தட்டத் தொடங்கினாய். ஒரு தட்டுக்கூடத் தப்பவில்லை. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய், நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் பெரிய கிராணியும் அவர் மனைவியும் நடைபாதையில் எங்களுக்கு நேராக வந்து நின்றார்கள்.

"என்னய்யா, இங்க நிக்கிறீங்க?" என்றார். "பஸ்ஸுக்கு சார்" என்றேன். "பஸ்ஸா? இங்கேருந்து உங்க வீட்டுக்கு நடந்தா பத்து நிமிஷம். எந்த பஸ் போவுது?" சுவருக்கு மேலே அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று தெரிந்தது. நான் சொன்னேன்: "பையன் சார். இந்தப் பாட்டக் கேக்கணும்னு அடம். நகரவே மாட்டேங்குறான்." அவர் குனிந்து உன் கன்னத்தைத் தட்டினார். "ஏன்டா, அப்பா எவ்வளவு பெரிய ரசிகரு. உனக்கு நல்ல சங்கீதம் காதுல ஏறாதா? கூத்துக்கொட்டாப் பாட்டுத்தான் ஏறுமா?" என்றார். அவர் மனைவி, "புலிக்குப் பொறந்தது இப்படியா ஆவணும்?" என்று சிரித்தார்.

என்னைப் பார்த்தாய். இல்லையென்று நான் சொல்வேன் என்று காத்திருந்தாய். நான் சாலையின் கோடியைப் பார்த்தேன். பேருந்து ஒன்று வந்தது. உன் கையைப் பிடித்து அதில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. காலாங் ஆற்றைத் தாண்டியதும் இறங்கி, அவ்வளவு தூரமும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில் நீ எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அம்மாவிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நீ குளியலறையில் அதே மெட்டை முணுமுணுத்தாய். நான் கதவைத் தட்டினேன். "மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் நீ பாடி நான் கேட்டதில்லை.

பெரிய கிராணி என் வருடாந்தர அறிக்கையை எழுதுகிறவர், அதனால் பயந்தேன் என்று பல காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. அவர் ஒருபோதும் பாட்டை வைத்து ஒருவனின் வேலையைக் கெடுக்கிறவர் அல்ல. நான் பயந்தது ஒரு சிரிப்புக்கு. ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகிற சிரிப்பு. அதை என் மேல் விழாமல் தடுக்கப் பதினோரு வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தினேன். நீ அதை மறந்திருக்கலாம். மறந்திருந்தால் இதை எழுதி நினைவூட்டுவது இன்னொரு தவறாகவும் இருக்கலாம். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. மறந்த பிள்ளை கிட்டாரை ஒளித்துவைக்க மாட்டான் என்றுதான் எனக்குப் படுகிறது.

நேற்று, திங்கட்கிழமை, இன்னொன்று நடந்தது. நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவன் கேட்டான்ல, குடுத்து அனுப்ப வேண்டியதுதானே" என்றாள். எனக்கு என்ன வந்ததோ, சொல்லிவிட்டேன். "எனக்கு அந்தக் கச்சேரியெல்லாம் ஒண்ணும் புரியாது. எல்லாம் அடுத்தவங்க சொன்னத எழுதிவெச்சதுதான்." கத்தி நின்றது. "என்னது?" என்றாள். மறுபடியும் சொன்னேன். குரோஞ்சோங்கைப் பற்றியும் பேருந்து நிறுத்தத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப உங்களுக்கும் பிடிக்காதா?" என்றாள்.

"உங்களுக்கும்னா?"

"நான் என்னத்தக் கண்டேன் அதுல? கால் மரத்துப்போயி உக்காந்திருப்பேன். இடுப்பு வலி வந்ததே அந்த மண்டபத்துத் தரையிலதான்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க பாட்டுக்கு கண்ண மூடித் தலைய ஆட்டுறீங்க. இவ்வளவு ஆசையா கேக்குற மனுஷன்கிட்டப் போயி எழுந்து போலாம்னா சொல்ல முடியும்?"

நான் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். அவளுக்கும் வரவில்லை. "உனக்கு என்ன பாட்டுத்தான் பிடிக்கும்?" என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது, இதை நான் கேட்டது நேற்றுத்தான். அவள் யோசித்தாள். நறுக்கிய காயைத் தட்டில் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் யோசித்தாள். "தெரியலையே" என்றாள். "கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்?" நிச்சயதார்த்தத்தன்று வந்த பயத்தைவிட, நீ நோட்டைக் கேட்டபோது வந்த பயத்தைவிட, எனக்கு அதிகப் பயம் தந்தது இந்தப் பதில்தான். ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்துக்காக ஒருவர் என்று, இரண்டு பேர் ஒரு ஆயுளையே கழித்திருக்கிறோம். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. இருவரும் நல்லவர்களாகத்தான் இருந்தோம்.

அதனால்தான் உனக்கு மனைவியாக வரப்போகிற சரோஜாவை நினைத்துக் கவலைப்படுகிறேன். நிச்சயதார்த்தத்தன்று அவள் அப்பா சொன்னதும் வீணையை எடுத்து வைத்து வாசித்தாள். தப்பில்லாமல் வாசித்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். முடித்ததும் அவள் வீணைக்கு உறை போட்ட வேகம் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து எதையும் முடிவு செய்ய எனக்குத் தகுதி இல்லை. கை வேர்த்திருக்கலாம், கூட்டத்தைக் கண்டு கூச்சமாக இருந்திருக்கலாம், உண்மையிலேயே அவளுக்கு வீணை உயிராகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ அவளிடம் கேட்கவில்லை. அவளும் உன்னிடம் கேட்கவில்லை. அப்பா ரசிகர், மாமனார் ரசிகர், மாப்பிள்ளையும் ரசிகர் என்று அவள் நினைத்துக்கொண்டு வருவாள். நீ அவள் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவாய், அவள் உன் முகத்தைப் பார்த்து ஆட்டுவாள். அப்புறம் ஒரு நாள் அறுபது வயதில், காய் நறுக்கும்போது கேட்டுக்கொள்வீர்கள்.

உன் மாமனாரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அவர் நிஜமான ரசிகர். போன வருஷம் ஒரு கச்சேரியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் துடைத்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தச் சங்கீதத்தின் மேலும் எனக்குக் குறை இல்லை. நான் அதைக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்தபோதெல்லாம் நான் தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை தனியாக, அமைதியாகக் கேட்டிருந்தால் எனக்கும் பிடித்திருக்கலாம். ஆகவே அதை வெறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கிட்டார் உசத்தி என்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டைக் கேட்டால் அன்றைக்கு யாரிடமும் அபிப்பிராயம் கேட்காதே. மறுநாள் திரும்பக் கேள். பிடித்தால் பிடித்தது. அடுத்த வருஷம் பிடிக்காமல் போனால் அதுவும் உன்னுடையதுதான். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். இன்னொருவன் தனக்குப் பிடித்ததைச் சொல்லும்போது பெரிய கிராணி சிரித்த மாதிரி சிரிக்காதே. நான் சிரித்ததில்லை என்று பெருமையாக எழுத வந்தேன், அதுவும் பொய். அந்த மேசையருகே புதிதாக வந்த கிராணிகள் மாட்டிக்கொண்டபோது முதலில் சிரித்தவன் நான்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீ பாடம் நடத்தும் பள்ளியின் விழாவில் நீயும் லிம்மும் மற்ற இரண்டு பேரும் வாசித்தீர்கள். எனக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை என்று சொல்லியிருந்தேன். வந்தேன். மண்டபத்துக்கு வெளியே, மிதிவண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று கேட்டுவிட்டு முடிவதற்கு முன்பே போய்விட்டேன். என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். யாரிடமும் கேட்டு எழுதவில்லை. சத்தம் அதிகம். பாடிய பையனுக்குக் குரல் போதாது. அந்தப் பாட்டுகளில் இரண்டு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் அடியில், தடித்த தந்தியில் நீ நடந்துகொண்டே இருந்தாய். மற்ற மூவரும் எங்கே ஓடினாலும் நீ அவசரப்படவில்லை. நான் அதையே பின்தொடர்ந்து கேட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் அழிக்கப்போவதில்லை.

நோட்டு உனக்குக் கிடையாது. லிம் வீட்டுக்குப் போய்க் கிட்டாரை எடுத்துக்கொண்டு வா என்று உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை; அது உன் முடிவு. சரோஜாவிடம் மட்டும் கேட்டுவிடு. கல்யாணத்துக்கு முன்பே கேள். அவள் முகம் சுளிக்கலாம், அவள் அப்பாவிடம் போய்ச் சொல்லலாம், பேச்சு வளரலாம். அதையெல்லாம் நினைத்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று கை போகிறது. கிழித்தால் நீ வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, நோட்டு கிடைத்ததா என்று கேட்பாய். நான் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சம்பந்திக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் நீயும் உட்காரப் போகிறோம். வயதில் மூத்தவன் என்று அவர் முதலில் என்னிடம்தான் திரும்புவார். "எப்படி சம்பந்தி?" என்பார். அதற்காக இன்று காலையிலிருந்து ஒரு வாக்கியம் தயார் செய்தேன். "எனக்கு அவ்வளவா ஒட்டல சம்பந்தி, நீங்க ரசிச்சதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." கதவைச் சாத்திக்கொண்டு ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தேன், கடைசிச் சொல்லில் குரல் நடுங்காமல் இருக்க. மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. கச்சேரி இன்னும் நடக்கவே இல்லை. பாடப்போகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் கருத்தை எழுதி வைத்துக்கொண்டேன். ஒருவேளை அன்று எனக்குப் பிடித்துவிட்டால்? அதனால் அந்த வாக்கியத்தையும் விட்டுவிட்டேன். இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. இப்படி ஒன்றுமில்லாமல் ஒரு கச்சேரிக்கு நான் போனதே இல்லை.

நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. பயத்தில் பழைய சொல்லையே சொல்லிவிடவும் கூடும். என்னை நம்பி இருக்காதே. அடுத்து அவர் உன் பக்கம் திரும்புவார். அப்போது நீ என் முகத்தைப் பார்க்காதே.

அப்பா